எம்.ஏ. பொது நிர்வாகம்: மகளுக்காகக் கேட்ட ஓர் அப்பாவுக்கு

அன்புள்ள ஐயாவுக்கு வணக்கம்.

சனிக்கிழமை நீங்களும் பாப்பாவும் வந்திருந்தபோது வெளியே ஆறேழு பேர் காத்திருந்ததால் பாதிப் பேச்சிலேயே எழுந்துவிட்டோம். செருப்பை மாட்டிக்கொண்டே நீங்கள் கேட்டது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “மாவு மில்லை வெச்சுத்தான் சார் இவ்வளவு தூரம் படிக்க வெச்சேன். இந்த எம்.ஏ. படிச்சா கலெக்டர் ஆயிடுவாளா? ஆகலைன்னா என்ன பண்ணுவா?” அவசரத்தில் சொல்லி அனுப்பக்கூடிய பதில் இல்லை அது. அதனால்தான் இந்தக் கடிதம். பாப்பாவையும் படிக்கச் சொல்லுங்கள்.

முதலில் நேராகவே சொல்லிவிடுகிறேன். கலெக்டர் ஆவதற்கு எம்.ஏ. தேவையே இல்லை. யு.பி.எஸ்.சி. நடத்தும் சிவில் சர்வீஸ் தேர்வுக்கும் சரி, நம் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 தேர்வுக்கும் சரி, ஏதாவது ஒரு பட்டப்படிப்பு போதும். பாப்பாவின் பி.எஸ்சி. கணிதமே அதற்குத் தாராளம். பொது நிர்வாகத்தில் எம்.ஏ. முடித்தவருக்குக் கூடுதல் மதிப்பெண் கிடையாது, தனி ஒதுக்கீடும் கிடையாது. அப்படி இருக்கிறது என்று சேர்க்கை நேரத்தில் யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

உங்கள் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் சொன்னதாகச் சொன்னீர்களே, “பப்ளிக் அட்மின் எடுத்தவனெல்லாம் பாஸ் பண்ணிட்டான்” என்று. அவர் பொய் சொல்லவில்லை. அது வேறு காலம். 2012 வரை சிவில் சர்வீஸின் இரண்டாம் கட்ட எழுத்துத் தேர்வான மெயின்ஸில், நாமே தேர்ந்தெடுக்கும் இரண்டு விருப்பப் பாடங்கள் இருந்தன. நேர்முகத் தேர்வையும் சேர்த்து மொத்தம் 2300 மதிப்பெண்ணில் 1200 அந்த இரண்டு பாடங்களுக்கே. பாதிக்கு மேல். அன்றைக்கு விருப்பப் பாடத்தில் ஆழமாக இறங்கியவர் கரையேறினார், பொது நிர்வாகமும் கொடிகட்டிப் பறந்தது. 2013-இல் மாற்றினார்கள். இப்போது ஒரே ஒரு விருப்பப் பாடம், இரண்டு தாள், 500 மதிப்பெண். மொத்தம் 2025. கால்வாசிதான். மீதி எல்லாம் கட்டுரை, நான்கு பொது அறிவுத் தாள்கள், நேர்முகம். பொது நிர்வாகம் படித்தவருக்கு ஆட்சிமுறை பற்றிய இரண்டாவது பொது அறிவுத் தாளிலும், 2013-இல் புதிதாக வந்த அறநெறித் தாளிலும் கொஞ்சம் கை கொடுக்கும். குரூப் 1 பாடத்திட்டத்திலும் தமிழ்நாட்டின் வளர்ச்சி நிர்வாகம் தனிப் பகுதியாகவே இருக்கிறது. ஆனால் அந்தக் கொஞ்சத்துக்காக இரண்டு வருடம் கொடுக்க வேண்டியதில்லை. ஆறு மாதம் ஊன்றிப் படித்தாலே அவ்வளவும் வந்துவிடும்.

விருப்பப் பாடமாகக் கணிதத்தையே எடுத்தாலும் தடையில்லை. அதைத் தனியாக யோசிப்போம். எம்.ஏ.வில் எதைப் படிக்கிறாளோ அதையேதான் தேர்வில் எடுக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது.

அப்படியானால் எம்.ஏ. வேண்டாம் என்கிறேனா? இல்லை. எதற்காகப் படிப்பது என்று தெரிந்து படிக்க வேண்டும் என்கிறேன்.

என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் இந்தப் படிப்பை ஒரு காத்திருப்பு அறையாகத்தான் பார்க்கிறார்கள். வீட்டில் சும்மா இருக்கிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட வேண்டும், அதற்கு ஒரு பெயர் வேண்டும். அந்தக் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் அப்படிச் சேர்ந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். எம்.ஏ. வகுப்புக்கும் முழுதாகப் போகவில்லை, பயிற்சி மையங்கள் நிறைந்த சென்னை அண்ணா நகரில் மெஸ் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு நான்கு வருடம் தேர்வுக்கும் முழுதாகப் படிக்கவில்லை. இருபத்தேழு வயதில் என் முன்னால் உட்கார்ந்து, தன் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பையே யோசித்து யோசித்துச் சொன்னான். அறிவுள்ள பையன். அவனிடம் யாரும் நேரத்தில் உட்கார்ந்து பேசவில்லையே என்று இன்றைக்கும் எனக்கு வருத்தம்.

இன்னொரு பெண்ணின் கதையையும் சொல்ல வேண்டும். பி.காம். முடித்தவள். உங்களைப் போலவே அவள் அம்மாவும் தயங்கினார். நான் ஒரே ஒரு வேலை கொடுத்தேன். ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸுக்குப் போய் மக்கள் குறைதீர்க்கும் நாளில் சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு வா என்றேன். மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். முதியோர் உதவித்தொகை நின்றுபோன ஒரு பாட்டி வந்திருக்கிறார். மனுவைப் பதிந்து, எண் போட்டு, ரசீது கொடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் என்றால் ‘பாவம் பாட்டி’ என்று வீட்டுக்கு வந்திருப்பார்கள். இவள் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, “இது அடுத்து யாருகிட்ட போகும்?” என்று கேட்டிருக்கிறாள்.

அடுத்த இரண்டு மாதம் பாட்டிக்குத் துணையாகவே அலைந்தாள். மனு கலெக்டர் ஆபீஸிலிருந்து சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியருக்குப் போனது. அங்கிருந்து விசாரணைக்காக கிராம நிர்வாக அலுவலருக்கு. அவர் இரண்டு கிராமத்தைச் சேர்த்துப் பார்க்கிறார், பக்கத்து ஊருக்கு வி.ஏ.ஓ. பணியிடம் காலி. அறிக்கை வருவதற்கே ஐந்து வாரம். கடைசியில் பார்த்தால், ஆதாரில் பாட்டியின் பெயர் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் வேறு மாதிரி. அவ்வளவுதான். யாரும் லஞ்சம் கேட்கவில்லை, யாரும் கெட்டவர் இல்லை. ஆனாலும் ஒரு கிழவிக்கு மாதாமாதம் வர வேண்டிய பணம் வரவில்லை.

ஐயா, பொது நிர்வாகம் என்ற படிப்பே இதுதான். நல்ல சட்டம் இருக்கிறது, பணமும் ஒதுக்கியாயிற்று, பிறகும் ஏன் கடைசி ஆளுக்குப் போய்ச் சேரவில்லை? மாக்ஸ் வெபர் என்ற ஜெர்மானியர் கோப்பு, விதி, மேலிருந்து கீழே வரும் அதிகார வரிசை என்று எழுதியதெல்லாம் அந்தப் பாட்டியின் மனு போன பாதைதான். பட்ஜெட், தணிக்கை, பணியாளர் நியமனம், பஞ்சாயத்து அதிகாரம் எல்லாம் அந்தப் பாதையில் வரும் மைல்கற்கள். இது நமக்குப் புதிதும் இல்லை. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், ஊர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி குடவோலையில் நிற்க முடியாது என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1937-லேயே பொது நிர்வாகத்தில் டிப்ளமோ தொடங்கிவிட்டது.

அந்தப் பெண் எம்.ஏ. சேர்ந்தாள். ஒரு ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டருக்கு மாதம் எவ்வளவு சம்பளம், அது எந்தக் கணக்கிலிருந்து போகிறது, மோட்டார் பழுதானால் யார் கையெழுத்து வேண்டும் என்பதையே ஆய்வுக் கட்டுரையாக எழுதினாள். குரூப் 1-இல் இரண்டு முறை மெயின்ஸ் வரை போய் வந்தாள், தேறவில்லை. இன்று குடிநீர் சார்ந்து வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் மூன்று ஒன்றியங்களைப் பார்த்துக்கொள்கிறாள். வேலைக்கு எடுத்தவர்கள் அந்த ஆய்வுக் கட்டுரையைத்தான் முக்கால் மணி நேரம் புரட்டிப் புரட்டிக் கேட்டார்களாம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் இதிலேயே இருக்கிறது. கலெக்டர் ஆகாவிட்டாலும் இந்தப் படிப்புக்கு வழி உண்டு, ஆனால் தானாக வராது. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியராகலாம், நெட்டில் பொது நிர்வாகம் தனிப் பாடம். அதே தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி கிடைத்தால் ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வரும். தமிழக அரசு 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் ஒன்று இருக்கிறது, இரண்டு வருடம் அரசுத் துறைகளோடு சேர்ந்து வேலை பார்க்கலாம். இன்ஜினியரிங், சட்டம் போன்ற தொழிற்படிப்பு என்றால் இளநிலைப் பட்டம் போதும். கலை, அறிவியல் படித்தவர் என்றால் முதுநிலைப் பட்டத்தில் முதல் வகுப்பு கேட்கிறார்கள். பாப்பாவின் பி.எஸ்சி.யை மட்டும் வைத்து அங்கே விண்ணப்பிக்க முடியாது. எம்.ஏ. ஒரு கதவை உண்மையிலேயே திறக்கும் இடம் என்றால் இதைச் சொல்வேன். இது போக ஊரக வளர்ச்சி, நகராட்சித் திட்டங்களில் ஒப்பந்த வேலைகள் வரும். நிரந்தரம் இல்லை, ஆனால் கற்றுக்கொள்ள நல்ல இடம். தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. கணக்கும் தெரிந்து, ஊராட்சி நடைமுறையும் தெரிந்த ஒரு பிள்ளைக்கு அங்கே செய்ய எவ்வளவோ இருக்கிறது.

பாப்பா கணிதம் படித்தவள் என்பதால் இன்னொன்றையும் யோசிக்கச் சொல்லுவேன். பொதுக் கொள்கை என்று ஒரு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. பொது நிர்வாகம் ‘அரசு இயந்திரம் எப்படி ஓடுகிறது’ என்று கேட்கும். பொதுக் கொள்கை ‘எதைச் செய்வது, செய்தது பலன் தந்ததா’ என்று கேட்டு எண்களை வைத்து அளந்து பார்க்கும். புள்ளியியலும் பொருளாதாரமும் அதில் அதிகம். பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியில் 2014-லிருந்து நடக்கிறது. கட்டணம் கூடுதல், நுழைவுத் தேர்வும் உண்டு. இருந்தாலும் அவள் எண்ணோடு பழகிய பிள்ளை, பார்க்காமலே தள்ளிவிட வேண்டாம். பக்கத்திலேயே என்றால் காந்திகிராமத்தில் அரசியல் அறிவியலும் வளர்ச்சி நிர்வாகமும் சேர்ந்த துறை இருக்கிறது. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விட்டு வரும் தூரம். சென்னை என்றால் சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகத் துறையே இருக்கிறது.

எங்கே சேர்ந்தாலும் பாடத்திட்டத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். பட்ஜெட், தணிக்கை பற்றித் தனித் தாள் இருக்கிறதா, களப்பணி இருக்கிறதா, ஆய்வுக் கட்டுரை கட்டாயமா? போன வருடம் முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். தயங்காதீர்கள், கேட்பது உங்கள் உரிமை. தொலைநிலைக் கல்வி என்றால் அந்தப் படிப்புக்கு அந்த வருடத்துக்கான யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டவே கூடாது. வேலையில் இருப்பவருக்குத் தொலைநிலை நல்லது. பாப்பாவுக்கு நேரடி வகுப்பைத்தான் சொல்வேன், களப்பணி இல்லாத பொது நிர்வாகம் நீச்சலைப் புத்தகத்தில் படிப்பது போல.

உங்கள் மைத்துனர் சொன்ன யோசனை மட்டும் தவறு, அதைத் திருத்திவிடுகிறேன். எம்.ஏ.வைத் தமிழ் வழியில் படித்தால் தமிழக அரசு வேலையில் தமிழ்வழிக் கல்விக்கான 20 சதவீத ஒதுக்கீடு கிடைக்கும் என்றாராமே. கிடைக்காது. 2020-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, அந்தப் பதவிக்குக் கேட்கும் தகுதிப் படிப்பு வரை ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். குரூப் 1-க்குக் கேட்பது பட்டம். பாப்பா பள்ளியைத் தமிழ் வழியில் முடித்துவிட்டு பி.எஸ்சி.யை ஆங்கில வழியில் படித்துவிட்டாள். எம்.ஏ.வால் அதைத் திரும்பப் பெற முடியாது. ஆனால் யு.பி.எஸ்.சி. மெயின்ஸைத் தமிழிலேயே எழுதலாம், நேர்முகத்தையும் தமிழில் சந்திக்கலாம். வினாத்தாள் மட்டும், முதல்நிலையானாலும் மெயின்ஸானாலும், ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும்.

வயதைப் பற்றிக் கவலைப்பட்டீர்கள். அவளுக்கு 21. ஓ.பி.சி. பிரிவில் 35 வயது வரை, ஒன்பது முறை எழுதலாம். அதற்கு மத்திய அரசு படிவத்தில், கிரீமி லேயர் எனப்படும் வசதி படைத்த பிரிவில் இல்லை என்ற சான்றிதழ் வேண்டும், நம் சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது. இப்போதே இ-சேவையில் விண்ணப்பித்து வையுங்கள். அதற்காக ஒன்பது முறையும் எழுத வேண்டும் என்று அர்த்தமில்லை. எம்.ஏ. படிக்கும்போதே ஒரு முறை, முடித்த பிறகு முழு நேரமாக இரண்டு முறை. நடுவில் வரும் குரூப் 2, குரூப் 4 எதையும் விடக் கூடாது. குரூப் 4-இல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டே குரூப் 1 எழுதித் துணை ஆட்சியர் ஆனவர்கள் இருக்கிறார்கள். கோப்பு எப்படி நகர்கிறது என்று உள்ளே உட்கார்ந்து பார்த்தவருக்கு அந்தப் பாடமே தனி. அவளுக்கு 26 ஆகும்போது நாம் மூவரும் மறுபடி உட்கார்ந்து பேசுவோம். அந்தத் தேதியை இப்போதே முடிவு செய்துகொள்வது அவளுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.

பயிற்சிக்காக மில்லை அடகு வைக்கும் பேச்சே வேண்டாம். மதுரையிலும் கோவையிலும் அரசின் அண்ணா நூற்றாண்டு பயிற்சி மையங்கள் இருக்கின்றன, சென்னையில் ஒன்று இருக்கிறது. நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் தேர்வாகும் 1000 பேருக்கு முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்க மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் தருகிறார்கள். அதற்கு அவள் தயாராகட்டும்.

இப்போதைக்கு விண்ணப்பம் எதுவும் வாங்க வேண்டாம். வரும் திங்கட்கிழமை அவளைக் கலெக்டர் ஆபீஸுக்கு அனுப்புங்கள், காலை ஒன்பதரைக்கெல்லாம் போய்விட வேண்டும். ஒரு நோட்டும் பேனாவும் போதும். முடிந்தால் அடுத்து வரும் கிராம சபையிலும் உட்காரட்டும். அதன் பிறகு ஒரு சனிக்கிழமை அந்த நோட்டோடு வாருங்கள். மதிப்பெண் பட்டியலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், நான் முதலில் அந்த நோட்டைத்தான் படிப்பேன். மாலை ஐந்து மணிக்கு மேல் வந்தால் கூட்டம் இருக்காது.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்