கட்டியை எடுத்தாச்சு, ரேடியேஷனைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: என் 5 வயது மகனுக்குத் தொடையில் ராப்டோமயோசர்கோமா என்ற தசைப் புற்றுநோய். கீமோ கொடுத்து, போன மாதம் ஆபரேஷனில் கட்டியை எடுத்துவிட்டார்கள். அடுத்து சென்னையில் 5 வாரம் ரேடியேஷன் என்கிறார் டாக்டர். கம்பெனி மெடிக்ளைம் 3 லட்சத்தில் 40,000 ரூபாய்தான் மிச்சம். அடுத்த மாதம் புதுப்பிப்பு. 3 லட்சம் எஃப்டி முதிர இன்னும் 5 மாதம் இருக்கிறது. "கட்டிதான் போயிடுச்சே, எஃப்டி வந்ததும் பார்த்துக்கலாம்" என்கிறார் அண்ணன். புரோட்டான் சிகிச்சை என்ற வேறு வகை ரேடியேஷனுக்காக வீட்டு மனையை விற்றுவிடலாமா என்றும் தோன்றுகிறது. சம்பளம் 38,000.
- கரூர் வாசகர்

பதில்: அண்ணன் உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் ரேடியேஷன் தொடங்கும் தேதியை டாக்டர்தான் சொல்ல வேண்டும், எஃப்டி அல்ல. கண்ணுக்குத் தெரிந்ததை சர்ஜன் எடுத்துவிட்டார். கட்டி இருந்த இடத்தின் ஓரங்களில் தங்கியிருக்கக்கூடிய செல்களை அழிக்கத்தான் ரேடியேஷன். இந்த நோயில் வழக்கமாக ஒரு தடவைக்கு 1.8 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு), வாரம் 5 நாள் கொடுப்பார்கள். மொத்தம் 41.4 கிரே என்றால் 23 தடவை. உங்களுக்குச் சொன்ன 5 வாரம் அப்படி வருவதுதான். அதை 5 மாதம் தள்ளினால் அந்தச் செல்கள் மறுபடி வளர இடம் கொடுத்ததாகிவிடும்.

இப்போது எஃப்டி. அதை உடைக்கக்கூட வேண்டாம், அதன் மேலேயே கடன் வாங்குங்கள். பொதுவாக 90 சதவீதம் வரை கிடைக்கும், வட்டி எஃப்டி வட்டியைவிட 1 அல்லது 2 சதவீதம்தான் கூடுதல். 2.7 லட்சத்துக்கு 5 மாதம் 2 சதவீதம் கூடுதலாகக் கட்டினாலும் உங்கள் கையை விட்டுப் போவது 2,250 ரூபாய். இந்தத் தொகைக்காகவா குழந்தையின் சிகிச்சையைத் தள்ளுவது?

மெடிக்ளைமில் ஒரு முக்கியமான விஷயம். பெரும்பாலான பாலிசிகளில் ரேடியேஷன் டேகேர் சிகிச்சையாக வருகிறது, இரவு தங்க வேண்டியதில்லை. புதுப்பித்ததும் காப்பீட்டுத் தொகை மறுபடி முழுதாக வரும். ஆகவே புதுப்பிப்புத் தேதி சிகிச்சையின் நடுவில் விழுந்தால், அதற்குப் பிந்தைய தடவைகளைப் புதிய வருடத்தில் க்ளைம் செய்ய வாய்ப்பு உண்டு. பல மருத்துவமனைகள் மொத்தத்தையும் ஒரே பேக்கேஜாக பில் போட்டுவிடும். தேதிவாரியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள், டிபிஏவிடம் (இன்சூரன்ஸ் கம்பெனிக்காக க்ளைமைக் கையாளும் நிறுவனம்) முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்குங்கள். இதற்காகத் தொடங்கும் நாளை மட்டும் தள்ளாதீர்கள். அப்புறம், லீவு கிடைக்கவில்லை என்று வேலையை விட்டுவிடாதீர்கள். வேலையோடு பாலிசியும் போய்விடும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 1.2 லட்சம் என்பதால் உங்களுக்குப் பொருந்தாது. அந்த வரம்புக்குள் இருக்கும் குடும்பங்கள் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும்.

புரோட்டான் சிகிச்சை 2019 முதல் சென்னையிலேயே இருக்கிறது. கட்டியைத் தாண்டிப் போகும் கதிர் குறைவு என்பது அதன் பலம். கண், மூளை, முதுகுத்தண்டு அருகே இருக்கும் கட்டிகளில் அது பெரிய விஷயம். செலவோ வழக்கமான ரேடியேஷனைப் போலப் பல மடங்கு. "என் மகனின் தொடைக்கு இதனால் எவ்வளவு கூடுதல் நன்மை?" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். அவசியம் என்று அவர் சொன்னால் மனையைப் பற்றி மறுபடி பேசலாம். சொல்லாதவரை விற்காதீர்கள்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வளரும் எலும்பில் கதிர் பட்டால் அந்தக் காலின் வளர்ச்சி குறையலாம். பிசியோதெரபி, காலணியில் உயரம் கூட்டுவது, சிலருக்குப் பின்னாளில் ஆபரேஷன், வருடக்கணக்கில் செக்கப் என்று செலவு நீளும். மனை அந்த வருடங்களுக்கு வேண்டும்.

எஸ்டிமேட் வாங்கும்போது மயக்க மருந்துக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அசையாமல் படுக்க முடியாத சின்னக் குழந்தைகளுக்கு ஒவ்வொரு தடவையும் மயக்கம் கொடுப்பார்கள், தனியாகப் பார்த்தால் இது பெரிய தொகை. தங்குவதற்கு லாட்ஜ் எடுக்கும் முன் மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பாருங்கள். வெளியூர்க் குடும்பங்களைக் கட்டணமின்றித் தங்கவைக்கும் அமைப்புகள் இருக்கின்றன, மருத்துவமனை வழியாகத்தான் இடம் கிடைக்கும்.

சிகிச்சைக்கான ரயில் பயணத்தில் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் மகனுக்கு முழுச் சலுகை, துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம். வருமான வரியில் பழைய முறையில் இருந்தால், சிகிச்சைச் செலவுக்கான 80டிடிபி கழிவு 40,000 ரூபாய் வரை உண்டு. இன்சூரன்ஸில் வந்த தொகையை அதில் கழித்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் டாக்டரின் கையெழுத்து வேண்டும். சென்னையில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.