ஒரே ரத்தம், ஒரே இடத்தில் அடைப்பு

வணக்கம் சார்,

போன மாதம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஞ்சியோ எடுத்தோம். வயது 53. சிகரெட், குடி கிடையாது. சர்க்கரையும் இல்லை. பி.பி. மட்டும் நாலைந்து வருடமாக இருக்கிறது, மாத்திரையை ஒழுங்காகப் போட மாட்டார். இதயத்தின் முன்பக்கமாக இறங்கும் எல்.ஏ.டி. தமனியில் எண்பது சதவீதம் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் எங்களைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினார். ரத்தக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தைத் தாண்டியதும் ஒரு சின்ன இடுக்கு. அதற்கு மேலேயும் கீழேயும் சுத்தமாக இருந்தது. எனக்கு அதுதான் புரியவில்லை. சிங்க் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு படிவதுபோலக் கொழுப்பு படிகிறது என்கிறார்கள். ஒரே ரத்தம்தானே உடம்பு முழுக்க ஓடுகிறது? அங்கே மட்டும் ஏன்? பிரஷரில் ரத்தம் மோதி மோதி அந்த இடம் புண்ணாகிவிட்டதா? இன்னொன்று. வேகமாக நடந்தால் ஸ்டென்ட் நகர்ந்துவிடும் என்று பெரியப்பா சொன்னதிலிருந்து அப்பா வாசலைத் தாண்டுவதே இல்லை. அதற்கும் ஒரு வார்த்தை எழுதுங்கள்.

ம., திருச்சி

அன்புள்ள ம.,

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார் என்பதே பெரிய நிம்மதி. நான் மருத்துவன் அல்ல. திரவங்கள் எப்படி ஓடுகின்றன என்பதைப் படித்து, அதையே கற்றுக்கொடுப்பவன். சிகிச்சையைப் பற்றி அவருடைய டாக்டர் சொல்வதுதான் முடிவு. ஆனால் 'ஒரே ரத்தம், அங்கே மட்டும் ஏன்' என்று கேட்டீர்களே, அது சாதாரணக் கேள்வி அல்ல. அறுபது வருடமாக ஒரு துறையே அதன் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது.

முதலில் அந்த சிங்க் குழாயை மறந்துவிடுங்கள். கொழுப்பு தானாக வந்து படிகிறது என்றால் எல்லா இடத்திலும் படிய வேண்டும். அப்படி நடப்பதில்லை. கழுத்தில் மூளைக்குப் போகும் தமனி தாடைக்குக் கீழே இரண்டாகப் பிரிகிற இடம், இதயத் தமனிகளின் தொடக்கப் பகுதி, சிறுநீரகக் கிளைகளுக்குக் கீழே இருக்கும் வயிற்றுப் பெருந்தமனி, தொடைத் தமனி. மனிதர் யாராக இருந்தாலும் நோய் தேடிப் போகும் முகவரிகள் ஏறக்குறைய இவைதான். அதே கொலஸ்ட்ரால் சிரைகளிலும் ஓடுகிறது, அங்கே இந்த நோய் வருவதில்லை. நுரையீரல் தமனியிலும், அங்கே அழுத்தம் ஏறாதவரை, பெரும்பாலும் இல்லை. மார்பெலும்புக்குப் பின்னால் ஓடும் உள்மார்புத் தமனி எழுபது வயதிலும் பளிச்சென்று இருப்பதுண்டு.

இதைவிட வலுவான சாட்சி ஒன்று இருக்கிறது. சிலருக்கு உங்கள் அப்பாவுக்கு அடைப்பு வந்த அதே எல்.ஏ.டி. தமனி, கொஞ்ச தூரம் இதயத் தசைக்குள் புகுந்து மறுபடி வெளியே வரும். தசைக்குள் இருக்கும் அந்தத் துண்டில் கொழுப்புத் திட்டு அநேகமாக இருக்காது. புகுவதற்கு முன்னால் இருக்கும் பகுதியில் இருக்கும். ஒரே ஆள், ஒரே தமனி, சில சென்டிமீட்டர் வித்தியாசம். ரத்தத்தில் இருக்கும் பொருளை மட்டும் வைத்து இதை விளக்கவே முடியாது.

ஓடும் ரத்தம் நாளத்தின் சுவர்மேல் இரண்டு விதமாக வேலை செய்கிறது. ஒன்று, வெளிப்பக்கமாகத் தள்ளும் அழுத்தம். அதைத்தான் பி.பி. என்று அளக்கிறோம். இன்னொன்று, சுவரை ஒட்டி வழுக்கிப் போகும்போது அதை ஓட்டத்தின் திசையில் இழுக்கும் உரசல். அழுத்தம் 100 மில்லிமீட்டர் பாதரசம் என்றால் அது ஏறக்குறைய 13,000 பாஸ்கல். உரசலோ ஆரோக்கியமான தமனியில் ஒன்றிரண்டு பாஸ்கல்தான். கிட்டத்தட்ட பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம் என்று தோன்றும். ஆனால் எந்த இடத்தில் நோய் வரும் என்பதைத் தீர்மானிப்பதில் இந்தச் சின்ன விசைக்குத்தான் பெரிய பங்கு.

நீங்கள் கேட்ட 'மோதி மோதிப் புண்ணாவது' என்ற எண்ணம் ஒருகாலத்தில் விஞ்ஞானிகளுக்கும் இருந்தது. 1968இல் டொனால்ட் ஃப்ரை என்ற அமெரிக்க ஆய்வாளர், நாய்களின் பெருந்தமனியில் உரசலை மிக அதிகமாக்கினால் உள்படலச் செல்கள் சிதைந்துபோகின்றன என்று காட்டினார். அப்படியானால் ரத்தம் வேகமாக உரசும் இடங்கள்தான் நோய்வாய்ப்படும் என்று நினைப்பது இயல்புதானே? அடுத்த வருடமே லண்டனில் காலின் காரோவும் அவருடைய சகாக்களும் அதைத் தலைகீழாக்கினார்கள். திட்டுகள் எங்கே இருக்கின்றன, ரத்தம் எங்கே எப்படி ஓடும் என்று இரண்டையும் பொருத்திப் பார்த்தபோது, உரசல் குறைவாக இருக்கும் இடத்தில்தான் நோய் இருந்தது. 1971இல் அதை விரிவாக எழுதினார்கள். உடனே எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 1980களில் அமெரிக்காவில் ஜாரின்ஸ், கிளாகோவ், கிடன்ஸ், கூ ஆகியோர் இறந்தவர்களின் கழுத்துத் தமனிகளை வெட்டி உள்சுவரின் தடிப்பை அளந்தார்கள். அதே வடிவத்தில் ஒரு மாதிரியைச் செய்து, அதற்குள் திரவத்தை ஓடவிட்டு ஓட்டத்தையும் அளந்தார்கள். கிளை பிரியும் முனையில் ஓட்டம் வேகமாக உரசிப் போகிறது; அங்கே சுவர் மெல்லியதாக, சுத்தமாக இருந்தது. எதிர்ப்புறத்து வெளிச்சுவரில் ஓட்டம் மந்தமாகி, ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னும் பின்னுமாக அலைகிறது. தடிப்பு அங்கேதான் அதிகம்.

உங்கள் அப்பாவின் திரையில் நீங்கள் பார்த்ததும் இதே வடிவம்தான். இடது இதயத் தமனி இரண்டாகப் பிரியும்போது நடு ஓட்டம் பிரிமுனையை ஒட்டிக்கொண்டு போய்விடும். எதிர்ச்சுவரை ஒட்டிய ரத்தம் பின்தங்கிச் சுழலும். இதயம் சுருங்கும்போது தன் தசைக்குள் இருக்கும் நாளங்களையே நெரித்துக்கொள்வதால், இந்தத் தமனியில் ரத்தம் பெரும்பாலும் இதயம் தளரும் நேரத்தில்தான் ஓடுகிறது. துடிப்புக்குத் துடிப்பு ஓட்டமும் தேக்கமுமாக மாறி மாறி வரும் இடம் அது.

சரி, ரத்தம் மந்தமாகப் போனால் சுவருக்கு என்ன? நாளத்தின் உள்பக்கம் முழுவதும் ஒரே ஒரு அடுக்குச் செல்கள் போர்த்தியிருக்கின்றன. எண்டோதீலியம் என்பார்கள். இந்தச் செல்களுக்கு உரசலை உணரத் தெரியும். நிலையான உரசல் கிடைத்தால் அவை ஓட்டத்தின் திசையில் நீண்டு வரிசையாகப் படுத்துக்கொள்கின்றன. நைட்ரிக் ஆக்ஸைடைச் சுரந்து தமனியைத் தளர்த்துகின்றன, வெள்ளை அணுக்களையும் தட்டணுக்களையும் ஒட்டவிடாமல் பார்த்துக்கொள்கின்றன. தமனி தளர்வதற்கு இந்த அடுக்கு தேவை என்பதை 1980இல் ராபர்ட் ஃபர்ச்காட் காட்டினார். 1998இல் இக்னாரோ, முராத் இருவரோடும் சேர்ந்து நோபல் பெற்றார். செல்கள் உரசலை உணரும் வழிகளில் ஒன்று பீசோ-1 என்ற புரதம். அதைக் கண்டுபிடித்த ஆர்டெம் பட்டபூட்டியனுக்கு 2021இல் நோபல் கிடைத்தது. நம் விரல் நுனிக்குத் தொடுகையை உணர்த்துவது இதன் சகோதரப் புரதமான பீசோ-2. ரத்தம் தன்மேல் ஓடுவதை நாளம் உணர்வதும் இதே குடும்பத்துப் புரதத்தால் என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்குப் புல்லரித்தது.

ஓட்டம் முன்னும் பின்னும் அலையும் இடத்தில் செல்களுக்கு எந்தப் பக்கம் படுப்பது என்றே தெரிவதில்லை. வரிசை கலைகிறது, நைட்ரிக் ஆக்ஸைடு குறைகிறது. செல்களுக்கு நடுவே கசிவு கூடி, கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்லப்படும் எல்.டி.எல். உள்ளே புகுகிறது. வெள்ளை அணுக்கள் பிடித்துக்கொள்ளக் கொக்கி மூலக்கூறுகள் செல்லின் மேற்பரப்பில் தோன்றுகின்றன. உள்ளே போன வெள்ளை அணுக்கள் கொழுப்பை விழுங்கி அங்கேயே தங்கிவிடுகின்றன. அதாவது அடைப்பு சுவரின்மேல் படிவதில்லை, சுவருக்குள்ளே வளர்கிறது.

இதைச் சொன்னதும் சிலர் 'அப்படியானால் கொலஸ்ட்ரால் காரணமில்லையா' என்று கேட்டு மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கிளைகளும் வளைவுகளும் எல்லோருக்கும் உண்டு. பிறவியிலேயே எல்.டி.எல். மிகக் குறைவாக உள்ளவர்களுக்கும் இதே கிளைகள்தான், ஆனால் நோய் மிக அரிது. எல்.டி.எல்., புகை, சர்க்கரை, பி.பி. இவை நோயைக் கொண்டுவருகின்றன. எங்கே என்பதை ஓட்டம் தேர்ந்தெடுக்கிறது. தமனியின் வடிவத்தை நம்மால் மாற்ற முடியாது. எல்.டி.எல்.லை மாற்றலாம்.

அடைப்பு ஏன் இவ்வளவு நாள் தெரியவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுவும் இந்த உரசலோடு சேர்ந்ததுதான். குழாய் குறுகினால் ரத்தம் வேகமாகப் போகும், உரசல் ஏறும். ஆரம் பாதியானால், அதே அளவு ரத்தம் போவதற்கு உரசல் எட்டு மடங்காகிவிடும். இதை உணர்ந்த தமனி வெளிப்பக்கமாக விரிந்துகொடுத்து வழியைப் பழையபடியே வைத்திருக்கப் பார்க்கும். கிளாகோவ் 1987இல் இதைக் காட்டினார்: உள்ளே இருக்கும் இடத்தில் ஏறக்குறைய 40 சதவீதத்தைத் திட்டு பிடிக்கும்வரை ரத்தம் போகும் வழி குறுகுவதே இல்லை. ஆஞ்சியோ காட்டுவது வழியைத்தான், சுவரை அல்ல. அதனால் திரையில் 'சுத்தமாக' இருந்த பகுதியிலும் நோயே இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. மாத்திரைகள் உடம்பு முழுமைக்கும் தேவைப்படுவது இதனால்தான்.

இப்போது பி.பி.க்கு வருவோம். அடைப்பு வந்த இடத்தை அது தேர்ந்தெடுக்கவில்லை என்றேனே தவிர, அது குற்றமற்றது என்று சொல்லவில்லை. நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை சுவரை இழுத்து விடுகிறது. சுவருக்கு மீள்தன்மை தரும் எலாஸ்டின் இழைகள் பெரும்பாலும் சிறுவயதிலேயே உருவாகி முடிந்துவிடுகின்றன. கெட்டால் நல்லபடியாக ஈடு செய்யப்படுவதில்லை. திட்டின்மேல் இருக்கும் மூடியை உடைப்பதிலும் இந்த இழுவிசைக்குப் பங்கு உண்டு. அந்த மூடி 65 மைக்ரானுக்கும் மெலிந்திருந்தால், அதாவது ஒரு தலைமுடியின் தடிமனை ஒட்டி, ஆபத்து என்கிறார்கள். அது கிழிந்தால் ரத்தம் உறைந்து மாரடைப்பு. எண்பது சதவீதம் அடைக்காத சின்னத் திட்டுகூட இப்படிக் கிழியலாம்.

பெருந்தமனி வீங்குவதும் இந்த விசையால்தான். நாளம் அகலமானால் அதே அழுத்தத்துக்குச் சுவரின் இழுவிசை கூடும்; கூடினால் இன்னும் அகலும். ஐன்ஸ்டைனுக்கு வயிற்றுப் பெருந்தமனியில் இந்த வீக்கம் இருந்தது. 1948இல் ருடால்ஃப் நிசென் என்ற அறுவை மருத்துவர் அதைச் சுற்றி செலோஃபேன் தாள் சுற்றினார். அன்று அதைவிட நல்ல வழி இல்லை. 1955 ஏப்ரலில் அது வெடித்தபோது மறுபடி அறுவை வேண்டாம் என்று ஐன்ஸ்டைன் சொல்லிவிட்டார்.

நாளம் தன்மேல் விழும் விசைக்கு ஏற்ப மாறுவதைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவரின் கையைப் பாருங்கள். மணிக்கட்டில் தமனியைச் சிரையோடு இணைத்து ஃபிஸ்டுலா போடுவார்கள்; 1966இல் நியூயார்க்கில் பிரெஷா, சிமினோ குழுவினர் அறிவித்த முறை. என் சித்தப்பாவுக்குப் போட்டிருந்தார்கள். தோலின்மேல் விரல் வைத்தால் விர்ரென்று ஓர் அதிர்வு தெரியும். ஊசி குத்தக்கூட அகப்படாமல் இருந்த சிரை, வாரங்கள் போகப் போகப் புடைத்துத் தடித்தது. அந்தத் தடிப்புதான் டயாலிசிஸ் ஊசிக்கு இடம் கொடுக்கிறது. அதே ஃபிஸ்டுலா பின்னால் குறுகிப்போவதும் பெரும்பாலும் இணைப்பை ஒட்டி, ஓட்டம் கலங்கும் இடத்தில்தான். தினமும் காலையில் எழுந்ததும் அதிர்வு இருக்கிறதா என்று அவர் தொட்டுப் பார்த்துக்கொள்வார். இல்லாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி.

பைபாஸிலும் இதேதான். காலிலிருந்து எடுத்த சிரை, பத்து மில்லிமீட்டர் அழுத்தத்துக்குப் பழகியது, திடீரென்று நூறைத் தாங்க வேண்டிவருகிறது. சுவர் தடிக்கிறது, பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய பாதி அடைத்துவிடுகின்றன. நான் மேலே சொன்ன உள்மார்புத் தமனியை வைத்துத் தைத்தால் பத்தில் ஒன்பதுக்கு மேல் திறந்தே இருக்கின்றன.

பெரியப்பாவிடம் சொல்லுங்கள்: ஸ்டென்ட் நடந்தால் நகராது. பலூனால் விரித்துச் சுவரோடு அழுத்தி வைக்கப்பட்ட உலோக வலை அது. சில மாதங்களில் எண்டோதீலியம் அதன்மேல் வளர்ந்து மூடிவிடும். அதுவரை அந்தக் கம்பிகளின் ஓரத்தில் ரத்தம் கலங்கி உறைய வாய்ப்புண்டு. அதற்குத்தான் ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை கொடுத்திருப்பார்கள். அதை ஒருநாள்கூட விடக்கூடாது. பல் பிடுங்கப் போனால்கூட இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. பி.பி. மாத்திரையில் காட்டிய அலட்சியத்தை இதில் காட்டினால் ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளும்.

நடை அவருக்கு நல்லது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது வயிற்றுப் பெருந்தமனியின் கீழ்ப்பகுதியில் ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் கொஞ்சம் பின்னோக்கி வருகிறது. லேசான உடற்பயிற்சியிலேயே அந்தப் பின்னோட்டம் மறைந்து, முன்னோக்கிய ஓட்டமாகிறது. செல்களுக்கு வேண்டிய உரசல் கிடைக்கிறது. எவ்வளவு தூரம், எப்போதிலிருந்து என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, முதல் சில நாள் நீங்களும் கூடவே போங்கள். பயம் போய்விடும். நடக்கும்போது நெஞ்சில் பாரமோ மூச்சுத்திணறலோ வந்தால் நிற்க வேண்டும்; உட்கார்ந்தும் சில நிமிடங்களில் குறையாவிட்டால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடைசியாக உங்களுக்கு. அப்பாவுக்கு 55 வயதுக்கு முன்பே வந்திருப்பதால் இதைக் குடும்ப வரலாறாகத்தான் டாக்டர்கள் எடுத்துக்கொள்வார்கள். நீங்களும் உடன்பிறந்தவர்களும் பி.பி., கொலஸ்ட்ரால், சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், கொலஸ்ட்ராலைச் சுமக்கும் ஒருவகைத் துகளை அளக்க லைப்போபுரோட்டீன் (ஏ) என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. வழக்கமான கொலஸ்ட்ரால் பரிசோதனையில் அது வராது, தனியாக எழுதித்தரச் சொல்லிக் கேட்க வேண்டும். பெரும்பாலும் பரம்பரையாக வருவது என்பதால் வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். சிகரெட்டும் சர்க்கரையும் இல்லாத அப்பாவுக்கு அதைப் பார்த்தார்களா என்று அடுத்த செக்கப்பில் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.