அறுவை சிகிச்சைக்குப் பிறகு வெளியில் சாப்பிடலாமா? உணவியல் ஆலோசகர் பதில்கள்

மருத்துவமனையில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். டிஸ்சார்ஜ் ஆகிறவர்கள் மாத்திரைச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, "வெளியில் போய்ச் சாப்பிட எப்போது விடுவீர்கள்?" என்று கேட்பார்கள். கூட வந்தவர்கள் உடனே அதட்டுவார்கள். எனக்கோ அந்தக் கேள்வி வந்தாலே மகிழ்ச்சி, பசி திரும்புகிறது என்று அர்த்தம். நல்ல சாப்பாட்டை நாலு பேரோடு உட்கார்ந்து ருசித்துச் சாப்பிடுவதும் தேறுவதில் ஒரு பாகம்தான். கேட்டவர்களுக்கு எல்லாம் பதில் சொல்லியிருக்கிறேன். உங்கள் சர்ஜன் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே கேளுங்கள். உள்ளே பார்த்தவர் அவர்.

கேள்வி: பொதுவாக எத்தனை நாள் கழித்து ஓட்டலுக்குப் போகலாம், மேடம்?

எல்லோருக்கும் பொருந்துகிற ஒரு நாள் கணக்கு கிடையாது. எந்த உறுப்பில் கத்தி பட்டது என்பதுதான் முதல் விஷயம். கண், கை, கால் என்றால் உணவுப் பாதையை யாரும் தொடவில்லை. மயக்க மருந்தின் குமட்டல் தெளிந்து, நடக்கத் தெம்பு வந்தால் போகலாம்.

வயிற்றில் செய்தது என்றால் குடல் சற்று நேரம் தூங்கிவிட்டு எழும். அந்தக் காலத்தில் காற்றுப் பிரியும்வரை வாயில் எதுவும் தரமாட்டார்கள். 1990-களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் என்ற சர்ஜன், நோயாளியைச் சீக்கிரம் சாப்பிட வைத்து, சீக்கிரம் நடக்க வைத்தால் சீக்கிரம் தேறுகிறார்கள் என்று காட்டினார். இன்று குடல் அறுவைக்குப் பிறகும் பலருக்கு முதல் நாளிலேயே உணவு தொடங்கிவிடுகிறோம்.

அதற்காக மறுநாளே ஓட்டலுக்குப் போகலாம் என்றில்லை. நான் இரண்டு விஷயம் பார்ப்பேன். வீட்டில் வழக்கமான உணவை இரண்டு மூன்று நாள் சாப்பிட்டும் குமட்டல், உப்புசம் இல்லாமல் வயிறு ஒழுங்காகப் போகிறதா? ஒரு மணி நேரம் நாற்காலியில் நிம்மதியாக உட்கார முடிகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் கிளம்புங்கள்.

கேள்வி: பித்தப்பையை எடுத்து மூன்று வாரம் ஆகிறது. நண்பர்களோடு போய்ப் பொரித்த அயிட்டங்களை ஒரு கை பார்த்தேன். வீடு வந்து சேர்வதற்குள் பேதி. இனி ஆயுசுக்கும் எண்ணெய்ப் பண்டம் கிடையாதா?

கிடைக்கும், பயப்படாதீர்கள். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பித்தப்பை அதை வாங்கிச் சேர்த்து வைத்து, கொழுப்பு வரும்போது மொத்தமாக ஊற்றும். இப்போது அந்தப் பை இல்லாததால் பித்தநீர் நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாகக் குடலுக்குப் போகிறது. கொஞ்சம் கொழுப்பு என்றால் அதுவே போதும். ஒரே தட்டில் நாலு வகை பொரித்தது வந்தால் சமாளிக்க முடியாமல் கொழுப்பு அப்படியே கீழே இறங்கிவிடும். பெருங்குடலுக்குப் போகிற பித்தநீரும் பேதியைத் தூண்டும்.

பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் இது அடங்கிவிடுகிறது. அதுவரை வேகவைத்தது, சுட்டது, ஆவியில் வெந்தது பக்கம் போங்கள். பொரித்தது ஆசையாக இருந்தால் தட்டில் ஒரே ஒரு வகை, அதுவும் நாலு பேர் பகிர்ந்து. வெண்ணெயும் கிரீமும் மிதக்கிற குழம்பு வகைகளைக் கண்டுகொள்ளாமல் விடுங்கள். பொரித்ததைவிட அவைதான் ஏமாற்றும், ஏனென்றால் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. வெறும் வயிற்றோடு போய் ஒரேயடியாகச் சாப்பிடவும் வேண்டாம். மாதங்கள் கடந்தும் பேதி நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், பித்தநீரைக் கட்டுகிற மருந்து இருக்கிறது. மஞ்சள் காமாலை, காய்ச்சல், மேல் வயிற்றில் கடும் வலி இதில் ஏதாவது வந்தால் அன்றே போக வேண்டும்.

கேள்வி: முட்டை, மீன் சாப்பிட்டால் தையல் சீழ் பிடிக்கும் என்று வீட்டில் தொடவே விடுவதில்லை. உண்மையா அக்கா?

இல்லை தம்பி. சீழ் கிருமியால் வருவது. புண் ஆறுவதற்குத் தேவையான முதல் சரக்கே புரதம்தான். சாதாரண நாளில் உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் போதும். அறுவைக்குப் பிறகு 1.2 முதல் 1.5 கிராம் வரை கேட்கும். 60 கிலோ எடை என்றால் நாளைக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்று பார்த்தால் இது எவ்வளவு பெரிய அளவு என்று புரியும். கஞ்சியை மட்டும் குடித்துக்கொண்டு இதை எட்டவே முடியாது. மீன், முட்டை, கோழி, பால், தயிர், பருப்பு எது ஒத்துக்கொள்கிறதோ அதைச் சாப்பிடுங்கள். ஏற்கெனவே அலர்ஜி உள்ளதை விட்டுவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் இந்த அளவை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: எடை குறைய ஸ்லீவ் ஆபரேஷன் செய்து மூன்று மாதம். அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிடப் போகும்போது நான் சாக்குச் சொல்லி ஒதுங்கிவிடுகிறேன். எதை ஆர்டர் செய்வது, எப்படிச் சாப்பிடுவது என்றே தெரியவில்லை.

ஒதுங்காதீர்கள். இரைப்பையில் ஏறக்குறைய 80 சதவீதத்தை எடுத்திருக்கிறார்கள், சாப்பிடுகிற சந்தோஷத்தையும் சேர்த்து எடுக்கவில்லை. மூன்று மாதம் என்றால் கெட்டி உணவுக்கு வந்திருப்பீர்கள்.

உட்கார்ந்ததும் தண்ணீர் டம்ளரைத் தள்ளி வையுங்கள். சாப்பாட்டோடு குடித்தால் சின்ன இரைப்பை உடனே நிரம்பிவிடும். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். மெனுவில் முதலில் மீனையோ முட்டையையோ தேடுங்கள், குழைவாக வெந்ததாக இருக்கட்டும். சுட்டுக் காய்ந்த கோழி நெஞ்சிலேயே நிற்கும். சின்னத் தட்டும் டீஸ்பூனும் கேளுங்கள். சுண்டுவிரல் நகம் அளவு ஒரு துண்டு, வாயில் கூழாகும்வரை மெல்லுதல், பிறகு ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுப் பேச்சில் கலந்துகொள்வது. இந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஸ்பூன் கையிலேயே இருந்தால் அடுத்த வாய் தானாகப் போய்விடும். நெஞ்சுக்குக் கீழே ஒரு அழுத்தம், விக்கல், மூக்கு ஒழுகுவது, இவற்றில் ஏதாவது வந்தால் போதும் என்று உடம்பு சொல்கிறது. அதற்குமேல் ஒரு வாய்கூட வேண்டாம். மிச்சத்தைக் கட்டித் தரச் சொல்லுங்கள்.

இனிப்பில் எச்சரிக்கை வேண்டும். சர்க்கரை வேகமாகக் குடலில் இறங்கினால் 10 முதல் 30 நிமிடத்தில் வியர்வை, படபடப்பு, வயிற்றைப் பிசைவது என்று வரலாம். எடை குறைய இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்கு இது அதிகம், ஸ்லீவிலும் சிலருக்கு உண்டு. சோடா வகைகள் வேண்டாம். மது இப்போது முன்பைவிடச் சட்டென்று தலைக்கேறும், மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு இதய வால்வு மாற்றியிருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். கீரையே கூடாதாமே?

கூடும். தினமும் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலைக்கு எதிராகப் போகும். உங்கள் அப்பா வழக்கமாகச் சாப்பிடும் அளவுக்கு ஏற்றபடிதான் மாத்திரையின் அளவை டாக்டர் வைத்திருப்பார். ஒரு வாரம் கீரையே இல்லாமல் இருந்து, திடீரென்று விருந்தில் இரண்டு கிண்ணம் சாப்பிட்டால் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண் மாறிவிடும்.

வெளியில் சாப்பிடும்போது உப்பைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு டீஸ்பூன்கூட இல்லை. சூப், சாஸ், ஊறுகாய், பதப்படுத்திய இறைச்சி இவற்றிலேயே அது தீர்ந்துவிடும். "உப்புக் குறைத்துப் போடுங்கள்" என்று சொன்னால் அந்தந்த நேரத்தில் சமைத்துத் தருகிற கடைகள் தாராளமாகச் செய்து தருவார்கள். காலையிலேயே மொத்தமாகச் சமைத்து வைக்கிற இடத்தில் இதைக் கேட்டுப் பயனில்லை, அதனால் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை முடிகிறது.

கேள்வி: எதைச் சாப்பிட்டாலும் வாயில் இரும்பு வாடை. பிடித்த கடையில் வாங்கி வந்தும் அப்படியே வைத்துவிட்டேன்.

பெரும்பாலும் மருந்தின் வேலை. மெட்ரோனிடசோல் போன்ற ஆன்டிபயாட்டிக் இதற்குப் பேர் போனது. கோர்ஸ் முடிந்ததும் சரியாகிவிடும். அதுவரை சூடாக இல்லாமல் ஆறிய உணவு, எலுமிச்சை பிழிந்தது, உலோகக் கரண்டிக்குப் பதில் மரக் கரண்டி என்று மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றி ஐந்து வாரம். பேரன் பிறந்தநாளுக்கு வெளியே கூட்டிப் போகலாமா?

சாப்பாட்டில் தடை எதுவும் இல்லை, கவனிக்க வேண்டியது நாற்காலி. பல சர்ஜன்கள் முதல் சில வாரங்களுக்கு இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கக்கூடாது என்பார்கள். மெத்தென்று அமிழ்கிற சோபா ஆகவே ஆகாது. யாராவது ஒருவர் முன்னால் போய் உட்கார்ந்து பாருங்கள்: முழங்கால் இடுப்பைவிட மேலே நின்றால் அந்த இருக்கை வேண்டாம். கை வைத்த, உயரமான, உறுதியான நாற்காலி கேளுங்கள், சுவரோரம் வேண்டாம், எழ இடம் வேண்டும். கழிப்பறைக்குப் படி இருக்கிறதா, உள்ளே பிடிமானம் உண்டா என்று போனிலேயே விசாரித்துவிடுங்கள். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நாலு அடி நடக்கச் சொல்லுங்கள், காலில் ரத்தம் கட்டாமல் இருக்க.

கேள்வி: சிறுகுடலில் ஸ்டோமா பை (வயிற்றில் போட்ட துளை வழியாக மலம் வந்து சேரும் பை) வைத்திருக்கிறார்கள். வெளியே சாப்பிட்டால் பை நிரம்பிவிடுமோ, வாடை வருமோ என்று வீட்டைவிட்டே கிளம்புவதில்லை.

இந்தப் பயம் நியாயமானது. ஆனால் கிளம்பத்தான் வேண்டும். முதல் 6 முதல் 8 வாரம் நார் குறைந்த, மென்மையான உணவு. அப்புறம் ஒவ்வொரு புதுப் பொருளாக, முதலில் வீட்டிலேயே முயன்று பார்த்துவிடுங்கள். ஒத்துக்கொண்டதை மட்டும் வெளியில் ஆர்டர் செய்யுங்கள். காளான், சோளம், தேங்காய், கொட்டை வகைகள், உலர் பழங்கள் இவை சரியாக மெல்லாமல் போனால் அடைத்துக்கொள்ளும். சோடாவும் ஸ்ட்ராவும் காற்றைச் சேர்க்கும்.

போன உடனே கழிப்பறைக்கு அருகில் இடம் பாருங்கள். பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்துவிடுங்கள், கனம் கூடினால்தான் ஒட்டு விடும். மாற்றுப் பை ஒன்று கையில் இருக்கட்டும். பை நன்றாக ஒட்டியிருந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு வாடை தெரியாது. வெளியேறுவது அடியோடு நின்று, வயிற்றைப் பிடித்து இழுத்து, வாந்தியும் வந்தால் அடைப்பாக இருக்கலாம், உடனே மருத்துவமனை.

கேள்வி: கடைவாய்ப் பல் பிடுங்கி இரண்டு நாள். ஜூஸ் கடைக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதீர்கள். உறிஞ்சினால் குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடலாம், அந்த வலி தாங்காது. ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடுங்கள்.

கேள்வி: சிறுநீரகம் மாற்றி ஆறு மாதம். பஃபேவுக்குக் கூப்பிடுகிறார்கள்.

பஃபே வேண்டாம். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருக்கிறீர்கள். 5 முதல் 60 டிகிரி வரையிலான வெதுவெதுப்பில் கிருமி வேகமாகப் பெருகும், பஃபே பாத்திரங்கள் பெரும்பாலும் அந்தச் சூட்டில்தான் மணிக்கணக்கில் இருக்கும். அதே நண்பர்களை, ஆர்டர் எடுத்துச் சமைக்கிற கடைக்குக் கூட்டிப் போங்கள். ஆவி பறக்க வரட்டும். பச்சை மீன், அரைவேக்காட்டு முட்டை, பச்சையாக முளைகட்டிய பயறு, காய்ச்சாத பால் கூடாது. அந்த மருந்துகளில் ஒன்றான டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறவர்கள் கிரேப்ஃப்ரூட்டையும் பம்பளிமாஸையும் தொடவே கூடாது, ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும்.

கேள்வி: தனியாக இருக்கிறேன். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து சமைக்கத் தெம்பில்லை. மூன்று வேளையும் கடைச் சாப்பாடுதான். ஆறுமா?

நன்றாகவே ஆறும். உங்களுக்கு முதல் எதிரி மலச்சிக்கல். வலி மாத்திரை குடலைக் கட்டும், முக்கினால் தையலில் அழுத்தம். ஒவ்வொரு வேளையும் ஒரு காய்கறி, ஒரு புரதம் என்று பார்த்து வாங்குங்கள். நாளில் ஒரு வேளையாவது பழம். தண்ணீரை மறக்காதீர்கள். ஒரே கடையில் வாடிக்கையாக வாங்குவது நல்லது; நாலாவது நாள் அவர்களே "காரம் குறைச்சலா?" என்று கேட்பார்கள். காலை வேளைக்கு மட்டும் நீங்களே மெல்ல நடந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அந்த நடை குடலையும் எழுப்பும். சாப்பாட்டுப் பையைத் தூக்கலாம், தண்ணீர் கேனைத் தூக்க வேண்டாம். இரண்டு மூன்று நாள் வயிறு போகவில்லை என்றால் மலமிளக்கி எழுதித் தரச் சொல்லி உங்கள் டாக்டரை அழையுங்கள்.