டிக்கெட்டில் உள்ள நேரமும் வானத்தில் கழியும் நேரமும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் மேற்படிப்புக்காக வெளிநாடு செல்கிறார்கள். பயண நேரம் பற்றி அவர்களும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு, பல ஆண்டுகள் புவியியல் கற்பித்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (ஓய்வு பெற்ற தோட்டக் கிராணியார், அதாவது எழுத்தர்): டிசம்பரில் என் மகள் கோலாலம்பூரில் இரவு 11.30க்கு ஏறி, மறுநாள் காலை 5.30க்கு லண்டனில் இறங்குகிறாள். ஆறு மணி நேரத்தில் போய்விட முடியுமா?

பதில்: முடியாது ஐயா. டிக்கெட்டில் அந்தந்த ஊரின் நேரத்தையே அச்சிடுவார்கள். குளிர்காலத்தில் லண்டன் நமக்கு 8 மணி நேரம் பின்தங்கியிருப்பதால், உண்மையான பயணம் 14 மணி நேரம். (மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை வித்தியாசம் 7 மணி நேரமே.) மகள் இறங்கும்போது நம் ஊரில் பிற்பகல் 1.30 ஆகியிருக்கும், விடியற்காலையிலேயே அவரது அழைப்பை எதிர்பார்த்துத் தவிக்காதீர்கள்.

கேள்வி (படிவம் ஐந்து மாணவி): சுவரில் உள்ள உலகப் படத்தில் கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்குக் கோடு போட்டால் அரபு நாடுகளின் பக்கமாகப் போகிறது. விமானமும் அப்படித்தான் பறக்குமா?

பதில்: நல்ல கேள்வி, அம்மா. தட்டையான படத்தை நம்பாமல், பள்ளியில் உள்ள பூகோள உருண்டையில் இரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் வங்காள விரிகுடாவைக் கடந்து, ஒடிசா கரையருகே நிலத்தைத் தொட்டு, நடுவழியில் உஸ்பெகிஸ்தானின் தென்பகுதிக்கு மேலாகச் செல்லும். அதுவே மிகக் குறுகிய வழி. ஏறத்தாழ 10,600 கிலோமீட்டர். ஆனால் அந்த நூல் பிறகு உக்ரைனின் கிழக்கு எல்லைப் பக்கம் போகிறது. 2022 பிப்ரவரி முதல் உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருப்பதால், விமானங்கள் சுற்றிச் செல்ல நேர்கிறது, தூரமும் கூடுகிறது.

கேள்வி: திரும்பி வருவது மட்டும் ஏன் சீக்கிரமாக முடிகிறது?

பதில்: விமானம் பறக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக வலுவான காற்று ஓடுகிறது. போகும்போது எதிர்க்கும் அதே காற்று, வரும்போது பின்னாலிருந்து தள்ளுவதால் ஒரு மணி நேரம் வரை மிச்சமாகலாம்.

கேள்வி: இந்தியாவுக்கும் நமக்கும் இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம் என்று என் தாயார் சொல்லுவார். இப்போது இரண்டரை என்கிறார்களே?

பதில்: உங்கள் தாயார் சொன்னது அவர் காலத்துக்குச் சரி. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 அன்று கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தியது; அன்று முதல் இரண்டரை மணி நேரம் ஆயிற்று. கோலாலம்பூரிலிருந்து சென்னை சுமார் 2,600 கிலோமீட்டர். விமானத்தில் சுமார் நான்கு மணி நேரத்தில் போய்விடலாம்.

கேள்வி: லண்டன் பயணத்துக்கு வீட்டிலிருந்து எப்போது புறப்பட வேண்டும்?

பதில்: விமான நிலையத்துக்குச் சாலையில் ஏறத்தாழ நான்கு மணி நேரம், அங்கே காத்திருக்க மூன்று மணி நேரம். இரவு 11.30 விமானத்துக்கு மாலை 4 மணிக்கே வீட்டைப் பூட்டிவிடுங்கள்.