எண்பதுல ஒண்ணுதான் நிஜம்

கேள்வி: 65 இன்ச் டிவி பார்க்க ஷோரூம் போனேன். 4கே எல்லாம் பழசாயிடும், 8கே எடுத்துட்டா பத்து வருஷத்துக்குக் கவலையே இல்லன்னு அடிச்சுச் சொல்றாங்க. வீட்டுல ஓடுறது லோக்கல் கேபிள், ராத்திரி கொஞ்சம் யூடியூப். எடுத்துரலாமா?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: கவலை இல்லாதது யாருக்கு அண்ணாச்சி, உங்களுக்கா, வித்தவருக்கா?

ஷோரூம்ல என்ன ஓடுச்சு, ஞாபகப்படுத்திப் பாருங்க. பஞ்சவர்ணக்கிளி இறக்கை, தேன் சொட்டு, ஏதோ ஒரு ஊரு ராத்திரி வெளிச்சம், அவ்வளவுதானே? அது அந்த டிவிக்குன்னே எடுத்து பென் டிரைவ்ல போட்டுக் கொடுத்தது, நீங்களும் ரெண்டடி தள்ளி நின்னு வாயைப் பொளந்துட்டு பார்த்திருப்பீங்க. வீட்டுக்கு வந்தா மாமியார் சீரியல்தான். சாதா கேபிள் சேனல் படம் 720க்கு 576, அதாவது சுமார் 4 லட்சம் புள்ளி. 8கே ஸ்கிரீன் 7680க்கு 4320, 3 கோடியே 31 லட்சம் புள்ளி (4கேன்னா அகலத்துலயும் உயரத்துலயும் இதுல பாதி). வகுத்துப் பாருங்க, சரியா 80 மடங்கு வரும். எண்பது புள்ளியில ஒண்ணுதான் நிஜமா வருது, மீதி 79ஐயும் டிவியே குத்துமதிப்பா இட்டு நிரப்புறது. ஒரு டம்ளர் தயிருக்கு எழுபத்தொன்பது டம்ளர் தண்ணி ஊத்திட்டு மோர்னு குடுத்தா குடிப்பீங்களா?

சரி, நிஜமான 8கே படமே வருதுன்னு வச்சுக்குவோம். நல்ல கண்ணுக்கு ஒரு டிகிரிக்குள்ள சுமார் 60 புள்ளிதான் பிரிச்சுத் தெரியும்னு பொதுவா சொல்ற கணக்கு. அதை வச்சுப் போட்டா 65 இன்ச்ல 4கே புள்ளிய தனித்தனியா பார்க்கவே நாலடி கிட்ட போகணும், 8கேன்னா ரெண்டடி. உங்க சோபா எத்தனை அடியில கிடக்கு? எட்டடின்னா 4கேயே உங்க கண்ணுக்கு மிச்சம்தான்.

ஜப்பான்காரன் இதுல சும்மா இருக்கல. அந்த ஊரு பொது ஒளிபரப்பு நிறுவனம் என்ஹெச்கே 1995லயே 8கே ஆராய்ச்சிய ஆரம்பிச்சு, 2005ல ஐச்சியில நடந்த உலகக் கண்காட்சியில காட்டி, 2018 டிசம்பர் 1ல சேட்டிலைட்ல 8கே சேனலே தொறந்துட்டான், டோக்கியோ ஒலிம்பிக்ஸையும் அதுல காட்டினான். அப்புறமும் உலகம் பின்னாடி வரல பாருங்க. டிவி கம்பெனி டிசிஎல் 8கேல இருந்து ஒதுங்கிடுச்சு, சோனியும் 2025ல 8கே டிவி கடையைக் கட்டிருச்சு. ஐரோப்பாவுல 2023 மார்ச்ல டிவி எவ்வளவு கரண்ட் இழுக்கலாங்கிற விதிய இறுக்கினதுல 8கே செட்டுங்க திண்டாடிப் போச்சு. இவ்வளவும் நடந்தப்புறம் உங்ககிட்ட வந்து "எதிர்காலம்"னு சொல்றாங்கன்னா ஸ்டாக் தேங்கிக் கிடக்குன்னு எனக்குத் தோணுது (இது என் சந்தேகம்தான், கேஸ் போட்டுராதீங்க).

அதுக்காக 8கே செத்துப் போச்சுன்னு சொல்ல வரல, அதோட இடம் வேற. தலையில மாட்டிக்கிற விஆர் கண்ணாடிய எடுத்துக்கோங்க, 360 டிகிரி படத்துல 7680 புள்ளிய சுத்தி விரிச்சா டிகிரிக்கு 21தான் தேறுது, அங்க 8கேயே பத்தாது, 16கே இருந்தாலும் அந்த அறுபதைத் தொடாது. ஷூட்டிங்லயும் 8கேல எடுத்து வச்சுட்டு அப்புறமா வேணுங்கிற மூலைய வெட்டி எடுத்துக்கலாம், 4கே தரம் கெடாது. ஹாலுக்கு வரப்போற மாற்றம் புள்ளி எண்ணிக்கையில இல்ல, வெளிச்சத்துலயும் கருப்புலயும்தான், ஹெச்டிஆர்னு சொல்றாங்களே அது. இருட்டுக்குள்ள விளக்கேத்துற சீன்ல சுடர் சுடராவும் மூலை இருட்டாவும் தெரியுதான்னு பாருங்க, சாம்பல் பூசின மாதிரி இருந்தா எத்தனை கே இருந்தும் அதே சாம்பல்தான்.

ஒரு வேலை பண்ணுங்க. நாளைக்கே டேப் எடுத்து சோபாவுல இருந்து சுவத்தை அளந்துக்கிட்டு மறுபடி ஷோரூம் போங்க, அதே தூரத்துல நின்னுக்கிட்டு கிளிய நிறுத்திட்டு உங்க கேபிள் சேனலப் போடச் சொல்லுங்க. போட மாட்டாங்க. நல்ல 4கே ஒண்ணா பார்த்து எடுத்துட்டு மிச்ச காசுக்கு ஸ்பீக்கர் வாங்குங்க, அந்த ஜப்பான்காரன் 8கே கூட 22.2 சேனல் சவுண்டும் (சுத்தி 24 ஸ்பீக்கர்) சேர்த்து வச்சான், நம்ம ஒல்லி டிவிங்க நிறைய பின்னாடி சுவத்தைப் பார்த்துத்தான் பேசுது.