படிப்பு வராதவன் மூடனா?

கேள்வி: ஐயா, என் அண்ணன் பத்தாம் வகுப்பில் தவறியவன். லோடு ஏற்றி இறக்கும் வேலைக்குப் போகிறான். குடும்ப ஜெபத்தில் நீதிமொழிகள் வாசிக்கும்போது ‘மூடன்’ என்று வந்தால் எல்லாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவன் தலையைக் குனிந்துகொள்கிறான். வேதம் மூடன் என்பது படிப்பு வராதவனையா?
- ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: இல்லை மகளே. உங்கள் கடிதத்தை வாசித்து மனசு கனத்துப்போனது.

மூடன் என்றே பெயர் வாங்கிய ஒருவன் வேதத்தில் இருக்கிறான். நாபால். எபிரெயுவில் அந்தச் சொல்லுக்கே மூடன் என்றுதான் பொருள். ஆனால் அவன் பிழைக்கத் தெரியாதவனல்ல. எப்ரோனுக்குத் தெற்கே மாகோன் ஊரான். பக்கத்துக் கர்மேலில் 3000 செம்மறியாடும் 1000 வெள்ளாடும் வைத்திருந்தவன். (எலியா பலியிட்ட கர்மேல் மலை வேறு, அது வடக்கே.) அவன் மேய்ப்பர்களுக்கு, பின்னாளில் ராஜாவான தாவீதின் ஆட்கள் காவலாக இருந்தார்கள். மயிர் கத்தரிக்கிற நாளில் அவர்கள் வந்து உணவு கேட்டபோது, “தாவீது என்பவன் யார்?” என்று விரட்டிவிட்டான். தாவீது 400 பேரோடு பட்டயம் கட்டிக்கொண்டு புறப்பட்டான்.

வரப்போகும் ஆபத்தை முதலில் கண்டது யார்? பெயர்கூட எழுதப்படாத ஒரு வேலைக்காரன். எஜமானிடம் பேசவே முடியாது என்று சொல்லி, நாபாலின் மனைவி அபிகாயிலிடம் ஓடினான். அவள் அவன் பேச்சைத் தட்டவில்லை. 200 அப்பம், சமைத்த ஐந்து ஆடு, வற்றலான திராட்சை, அத்திப்பழ அடை என்று கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு எதிரே போனாள். தாவீதும் அவள் சொல்லைக் கேட்டுத் திரும்பினான். அந்த ராத்திரி நாபால் வீட்டில் ராஜ விருந்து; குடித்து வெறித்திருந்தான். யார் சொல்லும் காதில் ஏறாதவன், அவன்தான் மூடன். நீதிமொழிகள் 12:15-ஐயும் பாருங்கள், ஆலோசனைக்குச் செவிகொடுக்கிறவனையே ஞானி என்கிறது.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். குருப்பட்டம் பெற்ற மறுவருஷம் கோயிலுக்குச் சுற்றுச்சுவர் கட்டினோம். கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு கொத்தனார், “ஐயரே, இது கரிசல். அஸ்திவாரக் குழி இன்னும் ஆழமா தோண்டணும்” என்றார். செலவாகும் என்று மறுத்துவிட்டேன். கார்த்திகை மழையில் மண் பொதும்பி, கிழக்குப் பக்கம் முழுவதும் சாய்ந்தது. நல்லவேளை, யார்மேலும் விழவில்லை. மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

சிரிக்கிறவர்களுக்கு மத்தேயு 5:22-ஐ வாசித்துக் காட்டுங்கள். சகோதரனை ‘மூடனே’ என்று சொல்லுகிறவனைப் பற்றி இயேசு எவ்வளவு கடுமையாகப் பேசுகிறார் என்று அவர்கள் கேட்கட்டும். இன்று ராத்திரி ஜெபத்துக்கு 1 சாமுவேல் 25-ஐ எடுங்கள். அந்த வேலைக்காரன் பேசுகிற 14 முதல் 17 வரையுள்ள வசனங்களை அண்ணனையே வாசிக்கச் சொல்லுங்கள்.