குளக்கரை ஈரத்தில் வருடம் முழுக்கப் பச்சை: டர்பன் தோட்டக் கேள்வி பதில்

இந்த முறை தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்து ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒன்றையே சுற்றி வருகின்றன; ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் அது வந்த ஊர்ப் பெயர் இருக்கிறது. குளத்தோரம், நல்ல வெயில், ஓயாத ஈரம், இலை உதிராத செடி வேண்டும்.

சாட்ஸ்வர்த்: அண்ணா, குளக்கரையில் எதை நட்டாலும் அழுகிவிடுகிறது. என்ன வைக்கலாம்?

முதலில் மண்வெட்டியை எடுங்கள், தங்கச்சி. கரையில் ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். தண்ணீர் தேங்கி, மண் சாம்பல் நிறமாக, அழுகிய முட்டை வாடை அடித்தால் அங்கே வேருக்குக் காற்றே இல்லை. சாதாரணத் தோட்டச் செடி அதில் பிழைக்காது. உங்கள் கைராசி மேல் பழி போடாதீர்கள்.

அந்தச் சேற்றுக்கு வெள்ளை ஆரம் லில்லிதான் என் முதல் தேர்வு. இந்த மண்ணின் செடி, ஜூலு மொழியில் இன்டெபே. வேரடியில் தண்ணீர் வற்றாத வரை இலை வாடாது, வெயிலையும் தாங்கும். அதன் சாறு வாயில் பட்டால் நாக்கு எரிந்து வீங்கும், சின்னக் குழந்தை இருந்தால் எட்டாத பக்கம் வையுங்கள். கூடவே குட்டிப் பாப்பிரஸ், நம் கோரை இனம்தான். தண்ணீர் தேங்காத வெறும் ஈர மண் என்றால், வாள் மாதிரி நீண்ட இலையுள்ள டயட்டீஸ் செடி போதும்.

வெருலம்: என் குளத்துக்குப் பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருக்கிறேன். ஆரம் லில்லி கருகுகிறதே?

விரிப்பு தண்ணீரை வெளியே விடாது தம்பி. குளத்தை ஒட்டிய மண் பார்வைக்குத்தான் குளக்கரை, உள்ளே காய்ந்து கிடக்கும். நமக்கு மழை கோடையில். குளிர்காலமான ஜூன், ஜூலையில் வானம் கைவிட்டுவிடும், அப்போதுதான் செடி கருகும். கரையோரம் பள்ளம் எடுத்து, பழைய விரிப்பில் நாலைந்து ஓட்டை போட்டு அடியில் பரப்பி, மேலே மக்கிய உரம் கலந்த மண்ணை நிரப்புங்கள். ஈரம் நிற்கும்.

டோங்காட்: மடும்பி வைக்கலாமா அண்ணா?

தாராளமாக! நம் சேப்பங்கிழங்குதானே. காலையில் அந்த இலையைச் சாய்த்துப் பாருங்கள், பனித்துளி பாதரசம் மாதிரி உருண்டு ஓடும், இலை நனையவே நனையாது. கடலோரச் சூட்டில் குளிர்காலத்திலும் ஓரளவு பச்சை நிற்கும். ஆனால் கிழங்கு தோண்டினால் கரை மொட்டையாகிவிடும். அதனால் பாதியைத் தோண்டுங்கள், பாதியை விட்டுவையுங்கள்.

பீனிக்ஸ்: பக்கத்து வீட்டு அக்கா கல்வாழையும் ஆகாயத்தாமரையும் தருகிறார். வாங்கலாமா?

வேண்டாம் அம்மா. இரண்டும் இந்த நாட்டில் ஆக்கிரமிப்புச் செடிகள் என்று சட்டத்தில் பட்டியலிடப்பட்டவை. ஆகாயத்தாமரை ஒரு வெள்ளத்தில் ஓடைக்குப் போனால் தண்ணீரையே மூடிவிடும், அடியில் மீனுக்கு மூச்சு கிடைக்காது. அக்காவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அவர் வீட்டிலிருந்தும் எடுக்க வேண்டியதுதான்.

இசிபிங்கோ: நிழலுக்கு ஒரு மரம்?

உம்டோனி. நாவலுக்குத் தங்கை முறை, அதே ஊதா நிறத்தில் பழம், என்றும் பச்சை, ஈரம் பிடிக்கும். பெரிய மரமாகும், குளத்திலிருந்து நன்றாகத் தள்ளி நடுங்கள். தள்ளி என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. காட்டு வாழை அழகாக இருக்கிறதே என்று என் குளத்தை ஒட்டியே வைத்தேன். சில வருடத்தில் வேர் விரிப்பைக் கிழித்து, ஒரே வாரத்தில் தண்ணீர் பாதியானது. மீன்களை வாளியில் அள்ளிய அந்த நாளை இன்னும் மறக்கவில்லை.

லெனேசியா (ஜோகன்னஸ்பர்க் பக்கம்): எங்களுக்கு உறைபனி உண்டு. இதெல்லாம் இங்கே நிற்குமா?

மடும்பி இலை கருகிவிடும். ஆரம் லில்லியும் கடும் பனியில் படுக்கும், பிறகு அடியிலிருந்து துளிர்க்கும். பச்சை மாறாமல் வேண்டுமென்றால் கரை மேட்டில் டயட்டீஸை நெருக்கமாக நடுங்கள். ஆகஸ்ட் கடைசியில் நட்டால் அடுத்த பனிக்குள் வேர் பிடித்துவிடும்.